நான் கொடுத்த சாக்குக்கட்டி

போன வாரம் புதிதாக வேலையில் சேர்ந்த வாத்தியார்கள் நாலைந்து பேர் என்னைப் பார்க்க வந்தீர்கள். வந்ததும் வராததுமாக ஆளாளுக்குப் புலம்பித் தீர்த்துவிட்டீர்கள். ஒரே அறையில் மூன்று வகுப்பு, மழை பெய்தால் ஓடு ஒழுகுகிறது, பதிவேடு எழுதியே கை ஒடிகிறது, இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றாலே தூக்கம் போய்விடுகிறது. கிளம்பும்போது உங்களில் ஒருவர், "இத்தனைக்கும் நடுவுல நீங்க எப்படிங்க ஐயா முப்பது வருஷம் ஆசையா வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். காப்பி ஆறுகிறது, குடியுங்கள் என்று பேச்சை மாற்றினேன். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இது.

ஆசை இருந்தது. அதில் பொய் இல்லை. வகுத்தல் கணக்கில் நாலு நாளாக முட்டிக்கொண்டு நின்ற பிள்ளைக்கு ஐந்தாம் நாள் சட்டென்று பிடிபடும்போது அதன் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? இன்னும் பார்க்கவில்லை என்றால் பொறுங்கள், பார்ப்பீர்கள். அதற்கப்புறம் ஓடு ஒழுகுவதெல்லாம் பெரிதாகத் தெரியாது. எனக்கு அந்தப் பித்து முதல் வருஷமே பிடித்துவிட்டது. ஆனால் ஆசையாக வேலை பார்த்தவன் நல்ல வாத்தியாராக இருந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு போனீர்கள் பாருங்கள், அதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த வேலையை விட்டுவிடக்கூடாது என்ற ஆசையில்தான் நான் என் வாழ்நாளிலேயே கேவலமான காரியத்தைச் செய்தேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. புதுச்சேரியில் பிரெஞ்சு வெள்ளைக்காரன் ஆட்சி. வில்லியனூர் கொம்யூன் என்ற வட்டாரத்தில், உறுவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம். ஊரில் பெரிய நிலக்காரர் ஒருவர் தம் நெல் களத்தை ஒட்டி இருந்த ஓட்டுக் கூடத்தைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டிருந்தார். உள்ளே ஒரு நீளக் கூடம், வெளியே ஒரு தாழ்வாரம், இரண்டுக்கும் நடுவில் கம்பி போட்ட ஜன்னல். வாத்தியார்கள் இரண்டு பேர். ஒருவர் தலைமை வாத்தியார், இன்னொருவன் நான். தலைமை வாத்தியாருக்குப் பிரெஞ்சு அவ்வளவாக ஓடாது. நான் புதுச்சேரியில் படித்தவன் என்பதால் பிரெஞ்சில் பேச வேண்டியதெல்லாம் என் தலையில்தான் விழும்.

சர்க்கார் சட்டப்படி எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார வேண்டும். நிலக்காரர் சட்டப்படி ஊர்ப் பிள்ளைகள் உள்ளே, சேரிப் பிள்ளைகள் தாழ்வாரத்தில். இரண்டு சட்டத்தையும் ஒரே பள்ளிக்கூடத்தில் நடத்தத் தலைமை வாத்தியார் ஒரு வழி வைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள், மேரியிலிருந்து, அதாவது கொம்யூன் ஆபீசிலிருந்து, சேவகன் ஒருவன் சைக்கிளில் வந்து தகவல் சொல்லுவான். மறுநாள் காலையில் எல்லாப் பிள்ளைகளையும் உள்ளே கூட்டி, உயர வரிசைப்படி கலந்து உட்கார வைப்போம். வெள்ளைக்காரர் வருவார், பார்ப்பார், சந்தோஷப்பட்டு எழுதிவிட்டுப் போவார். அதற்கு மறுநாள் நிலக்காரர் வீட்டு ஆள் வந்து கூடத்தைக் கழுவிவிட்டுப் போவான். சேரிப் பிள்ளைகள் சொல்லாமலே தாழ்வாரத்துக்குப் போய்விடுவார்கள்.

நான் சேர்ந்த புதிதில் இதைப் பற்றிக் கேட்டேன். கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். தலைமை வாத்தியார் என் தோளில் கை போட்டு, "தம்பி, வெளியில உக்காந்தாலும் பாடம் காதுல வுழுதா இல்லியா? கூடத்த அவரு புடுங்கிக்கினா ரெண்டு பேருக்குமே பாடம் இல்ல. கண்டும் காணாம போ" என்றார். நல்ல மனிதர்தான். காய்ச்சல் வந்த பிள்ளையை முதுகில் தூக்கிக்கொண்டு வில்லியனூர் ஆஸ்பத்திரிக்கு நடந்தவர். அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. நியாயமாகப் படவேண்டும் என்று நான் விரும்பினேன் என்பதுதான் சரி.

தாழ்வாரத்துப் பிள்ளைகளில் சவேரியம்மா என்று ஒருத்தி இருந்தாள். பத்து வயது. அவள் அப்பா அதே நிலக்காரரின் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தார். ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிக் கரும்பலகையைப் பார்ப்பாள். உள்ளே இருப்பவர்கள் சிலேட்டில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் வெளியிலிருந்து விடை வரும். பிரெஞ்சுப் பாடத்தை ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் சொல்லுவாள். என்னடா இது, நான் உள்ளே பார்த்துப் பாடம் நடத்துகிறேனா ஜன்னலைப் பார்த்து நடத்துகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

அவள் தினமும் காலையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்பாள். "ஐயா, இன்னிக்கி தொர வராரா?"

மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் இன்ஸ்பெக்டர் என்றால் நடுக்கம். இவளுக்கு மட்டும் அவர் தினமும் வரவேண்டும். "இல்லடீ, வரல" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். எதற்காக அவள் அப்படிக் கேட்கிறாள் என்று தெரிந்துகொண்டேதான் சிரித்தேன்.

அந்த வருஷம் ஆடி மாதம் இன்ஸ்பெக்டர் வந்தார். சவேரியம்மா இரண்டாம் வரிசையில், கூடத்துக்கு உள்ளே உட்கார்ந்திருந்தாள். அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் எழுந்து எழுந்து பதில் சொன்னாள். கடைசியில் அவர் மற்றவர்களை விட்டுவிட்டு அவளிடமே கேட்க ஆரம்பித்துவிட்டார். போகும்போது, இந்தப் பெண் அடுத்த வருஷம் செர்த்திபிகா எழுதட்டும் என்று தம் நோட்டில் அவள் பெயரைக் குறித்துக்கொண்டார். செர்த்திபிகா என்றால் ஆரம்பப் படிப்பை முடித்ததற்கான சர்க்கார் பரீட்சை. அதில் தேறினால் புதுச்சேரியில் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படிக்க இடம் வாங்கித் தருவதாகவும் சொன்னார். சேரியிலிருந்து அதுவரை ஒரு பிள்ளையும் அந்தப் பரீட்சைக்குப் போனதில்லை.

அன்று சாயங்காலம் சவேரியம்மா என்னிடம் வந்து, "ஐயா, அத பாஸ் பண்ணா நானும் வாத்தியாரம்மா ஆவலாமா?" என்று கேட்டாள்.

"ஆவலாம்" என்றேன்.

"ஆயிட்டா உள்ள உக்காருவனா?"

"வாத்தியாரம்மா பின்ன எங்க உக்காருவாங்களாம்?" என்று கேட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை.

அதற்கப்புறம் மூன்று மாதம் அவளுக்கென்று தனியாகப் பாடம் எடுத்தேன், அதுவும் தாழ்வாரத்தில்தான். உள்ளே கூப்பிட எனக்குத் துணிச்சல் இல்லை. துணிச்சல் இல்லை என்பதை மறைக்கத்தான் அவ்வளவு உழைத்தேனோ என்னவோ.

ஐப்பசி வந்தது. நடவு நேரம். சேரிப் பிள்ளைகள் எல்லாரும் அப்பா அம்மாவோடு நாற்றுப் பிடுங்கப் போய்விட்டார்கள். சவேரியம்மா மட்டும் அழுது அடம்பிடித்து வந்துகொண்டிருந்தாள். அன்று காலையிலிருந்தே மழை. தாழ்வாரத்தில் பாதி நனைந்துவிட்டது. அவள் சிலேட்டும் நனைந்து எழுத்தே பிடிக்கவில்லை. நான் ஜன்னல் வழியாக ஒரு முழுச் சாக்குக்கட்டியை நீட்டி, "காஞ்ச எடமா பாத்து தரையில போட்டுப் பாரு" என்றேன். முழுக்கட்டி அதுவரை எந்தப் பிள்ளையின் கைக்கும் போனதில்லை. அதை வாங்கிச் சட்டையில் துடைத்துவிட்டு, சுவரை ஒட்டிக் குந்திக்கொண்டு தரையில் வகுத்தல் கணக்குப் போட ஆரம்பித்தாள்.

அன்று இன்ஸ்பெக்டர் வருவதாக யாரும் சொல்லவில்லை. அவர் வேறு ஊருக்குப் போகக் கிளம்பியவர். சங்கராபரணி ஆற்றில் வெள்ளம் வந்து தரைப்பாலம் மூழ்கிவிட்டதால், வந்தது வீணாக வேண்டாம் என்று எங்கள் ஊர்ப் பக்கம் வண்டியைத் திருப்பியிருக்கிறார். சேற்றில் வண்டி வரவில்லை. ரோட்டிலேயே விட்டுவிட்டுக் குடையைப் பிடித்துக்கொண்டு களத்து வழியாக நடந்து வந்தார். களத்து வழியாக வந்தால் முதலில் தாழ்வாரம்தான்.

நான் கூடத்துக்குள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வெளியே சவேரியம்மா, "போன்ழூர், முசே" என்று பிரெஞ்சில் கணீரென்று வணக்கம் சொல்வது கேட்டது. எனக்குத்தான் சொல்கிறாளாக்கும் என்று திரும்பினேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் குடையை மடக்கிக்கொண்டு வெள்ளைக்காரர் நின்றிருந்தார்.

அவருக்கு அவளை அடையாளம் தெரிந்தது. சிரித்தார். பிறகு தரையில் இருந்த கணக்கைப் பார்த்தார், நனைந்த பாவாடையைப் பார்த்தார், ஜன்னல் வழியாக உள்ளே உலர்ந்த தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "இந்தப் பெண் ஏன் வெளியே இருக்கிறாள்?" என்று பிரெஞ்சில் என்னைக் கேட்டார்.

தலைமை வாத்தியார் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அவர் வேலை போகும், என் வேலையும் போகும். நிலக்காரர் கூடத்தைப் பூட்டுவார். இத்தனையும் எனக்கு ஒரே மூச்சில் தோன்றியது. ஆனால் என் வேலை போய்விடும் என்பதுதான் முதலில் தோன்றியது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

"தண்டனை கொடுத்து வெளியே நிறுத்தியிருக்கிறேன், முசே" என்றேன்.

"என்ன தப்புச் செய்தாள்?"

அவள் கையில் சாக்குக்கட்டி இருந்தது. காலையில் நான் கொடுத்தது. என் கண் அதன்மேல் போனது.

"சாக்குக்கட்டி திருடினாள்" என்றேன்.

பிரெஞ்சில் சொன்னேன், அவளுக்குப் புரியாது என்று நீங்கள் நினைக்கலாம். போன வாரப் பாடத்தில்தான் ஆப்பிள் திருடிய பையன் கதை வந்தது. ஆப்பிளை நானே அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் திருடுவது, தண்டனை பெறுவது, இரண்டுக்கும் உண்டான வார்த்தைகளைப் பத்துத் தடவை சொல்ல வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தேன். மற்றவர்களில் பாதிப் பேருக்கு மறந்திருக்கும். அவளுக்கு மறக்காது.

இன்ஸ்பெக்டர் நியாயமான மனிதர். அவளிடமே திரும்பி, "இது உண்மையா?" என்று கேட்டார்.

சவேரியம்மா கையிலிருந்த சாக்குக்கட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கணக்கில் எங்கேயோ பிசகிவிட்டது, எங்கே என்று தெரியவில்லை என்றால் எப்படிப் பார்ப்பாளோ அப்படித்தான் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சாக்குக்கட்டியை ஜன்னல் விளிம்பில் மெதுவாக வைத்துவிட்டு, "வுய், முசே" என்றாள். ஆமாம் என்று.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என்னைக் காப்பாற்றச் சொன்னாளா, பயத்தில் சொன்னாளா, வாத்தியார் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாளா? கடைசிக் காரணமாக இருந்துவிடக்கூடாது என்று பலமுறை வேண்டியிருக்கிறேன்.

பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் நன்னடத்தைக்கு வாத்தியார் கையெழுத்துப் போட வேண்டும். இன்ஸ்பெக்டர் நோட்டை எடுத்து, அவள் பெயரை அடித்தார். அடித்துவிட்டு, வருத்தமாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு உள்ளே வந்து பார்வையிட்டவர் எழுதும் புத்தகத்தில், இந்தப் பள்ளியில் இளம் ஆசிரியர் ஒழுங்கைக் கண்டிப்பாகக் காக்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் வேலைக் காலத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

அவர் போனதும் தலைமை வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, சமயத்துல புத்தி வேல செஞ்சுதே! ரெண்டு குடும்பத்த காப்பாத்திட்ட" என்றார். இதைக் கேட்டு எனக்கு அருவருப்பு வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. அன்று சாயங்காலம் நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டு போனேன். திரும்பிப் பார்த்தால், சொன்ன பொய்யைவிட அந்தச் சந்தோஷத்துக்குத்தான் அதிகம் கூசுகிறது.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தாழ்வாரத்துத் தரையில் அவள் போட்ட கணக்கு மட்டும் இருந்தது. விடை எழுதாமல் பாதியில் நின்றிருந்தது.

உள்ளே இருந்த பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். நிலக்காரர் கரும்புத் தோட்டத்தில் எல்லார் முன்னாலும் அவள் அப்பாவிடம், "எழுத்துக் கத்துக்கச் சொன்னா திருடக் கத்துக்கினாளா ஒம்பொண்ணு?" என்று கேட்டிருக்கிறார். அவள் அப்பா வீட்டுக்குப் போய் அவளை அடித்துவிட்டார். அடித்தார் என்று கேள்விப்பட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

ஆறாம் நாள் சேரிக்குப் போனேன். அவள் அப்பா என்னைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அவள் அம்மா உள்ளேயிருந்து வந்து வாசலில் நின்றாள். சவேரியம்மா அம்மாவுக்குப் பின்னால் நின்றாள்.

"எம்பொண்ணு திருடுனாளாய்யா?" என்று அவர் கேட்டார்.

"இல்ல. நான்தான் குடுத்தன்."

"அப்ப இன்னாத்துக்குங்கய்யா அப்டி சொன்னீங்க?"

அவர் காத்திருந்தார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கத்தவில்லை.

"நானு அடிச்சுப்புட்டனே" என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை, பெண்டாட்டியிடம் சொன்னார்.

அவள் அம்மாதான் பிறகு கேட்டாள். "தொரகிட்ட போயி, திருடலன்னு சொல்லுவீங்களா?"

"சொல்றன்" என்றேன். "நாளையிலருந்து பள்ளிக்கூடம் அனுப்புங்க."

அப்போது சவேரியம்மா அம்மாவின் பின்னாலிருந்து கேட்டாள். "உள்ள உக்கார வெப்பீங்களா?"

பாருங்கள், பத்து வயதுப் பெண் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். நான், "பாக்கலாம்மா" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவே இல்லை.

இன்ஸ்பெக்டருக்குக் கடிதம் எழுதினேன். நடந்ததை ஒன்றுவிடாமல், பிழையில்லாத பிரெஞ்சில் எழுதினேன். வில்லியனூர்த் தபால் ஆபீசுக்குப் போய்த் தபால் தலை வாங்கி ஒட்டினேன். பெட்டிக்கு முன்னால் நின்றேன். பக்கத்தில் யாரோ, "என்ன வாத்தியாரே, சௌக்கியமா?" என்று கேட்டார்கள். வாத்தியாரே என்று கூப்பிட்டது காதுக்கு இனிப்பாக இருந்தது. கடிதத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். மாசி மாதம் பரீட்சை நடந்தது, முடிந்தது. சவேரியம்மா கரும்புத் தோட்டத்தில் சோகை, அதாவது காய்ந்த தோகை, உரித்துக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த சித்திரையில் தலைமை வாத்தியார் ஓய்வு பெற்றுப் போக, பள்ளிக்கூடம் என் பொறுப்புக்கு வந்தது. முதல் நாளே எல்லாப் பிள்ளைகளையும் உள்ளே உட்கார வைத்தேன். நிலக்காரர் வந்து கத்தினார். கூடத்தைப் பூட்டுகிறேன் என்றார். பூட்டினால் இன்ஸ்பெக்டருக்குக் காரணம் எழுத வேண்டிவரும் என்றேன். ஊர்ப் பிள்ளைகள் வரவில்லை. நான் இருக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன். இருபது நாள். இருபத்தொன்றாம் நாள் நிலக்காரர் பேரனே சிலேட்டோடு வந்து நின்றான். அவ்வளவுதான் கதை. நாங்கள் எல்லாரும் அத்தனை வருஷம் பயந்து செத்த காரியம் இருபது நாளில் முடிந்துவிட்டது. அந்த இருபது நாளை ஒரு வருஷம் முன்னால் நான் கழித்திருந்தால் போதும், ஒரு பெண் படித்திருப்பாள். இதற்காக என்னைப் பாராட்டியவர்கள் உண்டு. பாராட்டும்போதெல்லாம் எழுந்து போய்விடத் தோன்றும்.

வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். விடவில்லை. அதுதான் ஆசை. பொய் சொல்லிக் காப்பாற்றிக்கொண்ட வேலை என்று தெரிந்தும், காலையில் பிள்ளைகளின் சத்தம் கேட்டால் மனசு குதிக்கத்தான் செய்தது. அதற்கு வெட்கப்பட்டுக்கொண்டே ஓடினேன்.

பல வருஷம் கழித்து என்னைச் செல்லிப்பட்டுப் பக்கம் மாற்றினார்கள். அப்போதும் வெள்ளைக்காரன் போகவில்லை. பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள், பிள்ளைகளைச் சேர்க்க வந்தவர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். கடைசியாக ஒருத்தி ஆறு வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு வெளியே நின்றாள். கரும்புச் சோகை கிழித்த தழும்பு கை முழுக்க இருந்தது. முகத்தைப் பார்த்தேன். அவள் என்னை முன்னாலேயே அடையாளம் கண்டுகொண்டிருந்தாள்.

"சவேரியம்மா" என்றேன். "உள்ள வாம்மா."

"இருக்கட்டுங்கய்யா. எனக்கு இன்னா, நானு இங்கியே நிக்கறன்." பெண்ணின் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினாள். "நீ போ. போயி மின்னால உக்காரு. யாரையும் கேக்காத."

அந்தக் குழந்தை நேராக நடந்து போய் முதல் வரிசையில் உட்கார்ந்தது. பதிவேட்டில் பெயரை எழுதினேன். இத்தனை வருஷம் மனசுக்குள் எழுதி எழுதி வைத்திருந்ததை எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று எழுந்து வாசல்வரை வந்தேன்.

"அம்மா, அன்னிக்கி நான்..."

அவள் என்னைப் பேச விடவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. உள்ளே உட்கார்ந்திருந்த பெண்ணையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எம்பொண்ணு எதுனா தப்பு பண்ணா எங்கிட்ட சொல்லுங்கய்யா. தொரகிட்ட சொல்லிடாதீங்க."